வேறு எங்கும் கிளைகள் கிடையாது

எங்கள் பக்கத்தில் காதுகுத்தானாலும் மொட்டையானாலும் பந்தக்காலுக்கு முன்னால் ஃப்ளெக்ஸ் நின்றுவிடும். அதில் வெள்ளைத்துரையை மிஞ்ச ஆள் கிடையாது. நாகமலை புதுக்கோட்டையில் பாத்திரமும் பந்தல் சாமானும் வாடகைக்கு விடுகிறவர் அவர். கம்பும் கயிறும் கைவசம் இருப்பதால் நினைத்த மாத்திரத்தில் கட்டிவிடலாம். பசு இரட்டைக் கன்று ஈன்றதற்கு ஒரு முறை வைத்தார். அதில் கன்றுகளைவிட அவர் படம் பெரியது. காதில் செல்போனை வைத்துக்கொண்டு எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் தன் தங்கச்சி நாகஜோதிக்காக வைத்த ஃப்ளெக்ஸ்தான் கடைசியில் கோர்ட் வரைக்கும் போய் வந்தது.

நாகஜோதி ஆரி வேலைக்காரி. கல்யாண ஜாக்கெட்டின் முதுகிலும் கையிலும் கொக்கி ஊசியால் பாசியும் ஜரிகையும் கோத்து மயிலும் கொடியும் போடுகிற வேலை. மாடியில் தகரக் கொட்டகை இறக்கி, மரச்சட்டங்களில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, சுற்றிலும் பெண்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பாள். சித்திரை வெயிலில் தகரம் காய்ந்து தலையில் இறங்கும். இருந்தாலும் மோர்ப்பானையை மாடிக்குக் கொண்டுவர விடமாட்டாள். பட்டுத்துணியில் ஒரு சொட்டு விழுந்தால் போச்சு. தாகம் எடுத்தவள் படியிறங்கிப் போய்க் குடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வரவேண்டும். நாகஜோதிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவளிடம் படித்தவள் என்றால் மதுரைக் கடைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் வேலை கொடுப்பார்கள்.

இந்த வேலையில் சங்கடமே படம் இறக்குவதுதான். தாளில் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் குத்திப் பொத்தல் போட்டு, மண்ணெண்ணெயில் வெள்ளைப்பொடியைக் குழைத்துத் தேய்த்தால் துணியில் படம் இறங்கும். ஒல்லியான பெண்ணுக்கு வரைந்ததைத் தாட்டியான பெண்ணுக்குப் போட முடியாது. ஒவ்வொரு முறையும் அளவெடுத்து மறுபடி வரைய வேண்டும். நாகஜோதி இதற்கு ஒரு வழி கண்டாள். வகுப்புக்கு வருகிற பெண்களின் கையையும் முதுகையும் அளந்து, ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு தாள் என்று வரைந்து புத்தகமாகப் போட்டுவிட்டாள். தாள்கள் விரித்த செய்தித்தாள் அகலம். உனக்கு எந்த அளவோ அந்தத் தாளை எடு, துணியில் வை, தேய், ஊசியை எடு. அளவே பார்க்க வேண்டாம். பக்கத்து ஊர்ப் பெண்கள் போன் பண்ணிக் கேட்டு வந்து வாங்கிப்போனார்கள். அட்டையில் அவள் பெயர், அவள் படம், அவள் போன் நம்பர். மிச்சப் புத்தகங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருந்தன. அவள் புருஷன் ராம்கி பால் வண்டி ஓட்டுகிறவன். விடிகாலை போய்விட்டு மதியம் வந்து அந்தக் கட்டிலில்தான் படுப்பான். புத்தகத்தின் மேல் படுத்தால் தூக்கம் நன்றாக வருகிறது என்று கிண்டல் பண்ணுவான்.

ஆனி மாதம் வெள்ளைத்துரை போனில் எதையோ தேடும்போது தங்கச்சி புத்தகம் கண்ணில் பட்டது. ஜூமண்டி என்று ஒரு ஆன்லைன் கம்பெனி. அமுக்கினால் பொருள் வீடு தேடி வருகிறதே, அது. அதில் அதே அட்டை, அதே படம், நாகஜோதி சிரித்துக்கொண்டிருக்கிறாள். கம்பெனிக்காரனே புத்தகத்தின் அருமை தெரிந்து எடுத்து விற்கிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கையோடு ஒரு கட்டுப் புத்தகம் ஆர்டர் போட்டு, வந்ததைப் பிரிக்காமலே சொந்தபந்தங்களுக்கு வெற்றிலை பாக்கோடு கொடுத்தார். வாங்கியவர்களில் ஊசி பிடிக்கத் தெரிந்தவர் ஒருத்தர் இல்லை. அவரவர் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

நாகஜோதிக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் உறுத்தல். நான் யாருக்கும் கொடுக்கவில்லையே, எப்படிப் போனது என்று கேட்டாள். அண்ணன் காதில் விழவில்லை. அவர் அதற்குள் ஆரப்பாளையம் ஃப்ளெக்ஸ் கடையில் இருந்தார்.

நாலுரோட்டில் ஏறியது ஃப்ளெக்ஸ். மேலே கருப்பசாமி, கீழே வரிசையாகச் சொந்தக்காரர்கள், நடுவில் நாகஜோதி, அவளுக்குச் சமமாகக் காதில் போனோடு வெள்ளைத்துரை. 'எங்கள் குலவிளக்கு நாகஜோதி ராம்கி வரைந்த ஆரி புத்தகத்தை உலகறியச் செய்த ஜூமண்டி நிறுவனத்துக்கு நன்றி' என்று கொட்டை எழுத்து. அடியில் இன்னொரு வரி: 'இப்புத்தகம் நாகஜோதி வீட்டில் மட்டுமே கிடைக்கும். எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது.'

பாத்திரக்கடை போர்டில் அந்தக் கடைசி வாக்கியம் உண்டு. அவர் வைக்கிற எல்லா ஃப்ளெக்ஸிலும் உண்டு. கன்றுக்குட்டி ஃப்ளெக்ஸிலும் இருந்தது.

ராம்கி அண்ணாந்து படித்துவிட்டுக் கேட்டான். "மச்சான், ஊரெல்லாம் விக்கிறான்னு மேல போட்டுருக்கீக. வீட்ல மட்டுந்தான் கிடைக்கும்னு கீழ போட்டுருக்கீக. எத நம்புறது?"

"மேல போட்டது வாழ்த்து மாப்ள. கீழ போட்டது விலாசம்" என்றார் வெள்ளைத்துரை.

ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவர் அசரவில்லை. ஜூமண்டியின் பார்சல் குடோன் பைபாஸ் பக்கம் இருக்கிறது. அதன் மேனேஜர் இம்மானுவேலை அழைத்துவந்து, ஃப்ளெக்ஸுக்குக் கீழே நிற்கவைத்துப் பொன்னாடை போர்த்தினார். சின்ன வயதுப் பையன். கூச்சத்தில் நெளிந்தான். ஆனிக் காற்று மலைப்பக்கமிருந்து அடித்து ஃப்ளெக்ஸைப் படபடக்க வைத்தது. கேசரியும் வடையும் கொடுத்தார்கள். அவன் கேசரித் தட்டைக் கையில் வாங்கினபோதுதான் நாகஜோதி அவனிடம் கேட்டாள். தம்பி, புத்தகம் என்னுது, நான் ஒருத்தருக்கும் விற்கக் கொடுக்கவில்லை, உங்கள் கம்பெனிக்கு யார் கொடுத்தது என்று. அவனுக்குத் தெரியவில்லை. பொருள் விற்கிறவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள், நாங்கள் கட்டி அனுப்புவதோடு சரி என்றான். ஆனாலும் நல்ல பிள்ளை. அங்கேயே போனை எடுத்து, ஃப்ளெக்ஸைப் படம் பிடித்து, அவள் கேட்டதையும் தட்டி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னான்.

ஆடி பிறந்ததும் போன்கள் வர ஆரம்பித்தன.

முதலில் அழைத்தவளை நாகஜோதி திட்டிவிட்டாள். உன் அளவுத் தாளைப் பார்த்து எடுக்கத் தெரியாதா, புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்தாயா இல்லையா என்று. அடுத்து இன்னொருத்தி. கை நுழையவில்லை, முதுகில் மயில் இரண்டும் எட்டி நிற்கின்றன, கழுத்து இறுக்குகிறது. எல்லாரும் ஒரே பாட்டு. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் வரைந்ததன் மேலேயே சந்தேகம் வந்து, கட்டிலடியிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தாள் தாளாக மறுபடி அளந்து பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஆவணி முகூர்த்தத்துக்குச் சில நாள் இருக்கும்போது திருமங்கலத்திலிருந்து ஆட்டோ பிடித்து சுந்தரம்மாள் வந்து இறங்கினாள். கூடவே கல்யாணப்பெண் சத்யப்ரியா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மாடியில் வகுப்புப் பெண்கள் அத்தனை பேர் முன்னிலையில் பையிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்துச் சட்டத்தின் மேல் போட்டாள் சுந்தரம்மாள். அரக்குப் பட்டு. கையில் நெருக்கமாகத் தங்கப் பாசி. வேலை அருமை. நாகஜோதி முதலில் கவனித்தது அதைத்தான்.

"உம் பேரப் பாத்துத்தானம்மா வாங்குனோம்" என்றாள் சுந்தரம்மாள். "எம்மக வைகாசிலருந்து குனிஞ்ச தலை நிமிராம போட்டா. தையக்காரரு கோட்டுமேலயே வெட்டித் தச்சுட்டாரு. இப்ப மொழங்கைக்கு மேல ஏறமாட்டேங்குது. மேடையில எம்புள்ள என்னத்தப் போட்டுக்கிட்டு நிப்பா?"

நாகஜோதி அவர்கள் கொண்டுவந்த புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். தூக்கினதுமே கனம் குறைவாகத் தெரிந்தது. தன் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து விரித்தாள். அதே அட்டை, அதே மயில், அவள் எழுதிய அதே முன்னுரை. ஆனால் எவனோ அவள் தாள்களைச் சற்றே சின்னத் தாளுக்குள் அடங்கச் சுருக்கி அச்சடித்திருந்தான். படம் அழகாகத்தான் இருந்தது. அளவு மட்டும் ஒவ்வொன்றிலும் விரல்கடை விரல்கடையாகக் குறைந்திருந்தது. கடையில் புரட்டிப் பார்க்கிறவனுக்கு அது படப்புத்தகம். அளவை நம்பித் துணியில் வைக்கிறவளுக்குப் பட்டுச் சேலைத் துண்டு பாழ்.

அவள் இரண்டையும் காட்டி விவரம் சொன்னாள். இது என்னுடையதில்லை, எவனோ திருடி அடித்தது என்றாள். சுந்தரம்மாள் கேட்டுக்கொண்டாள். நம்பினாள் என்றுதான் தோன்றியது. ஆனால் நம்பி என்ன ஆகப்போகிறது?

"அச்சடிச்சவன் மூஞ்சி எனக்குத் தெரியாது. அட்டையில இருக்கறது உம் மூஞ்சிதான" என்று சொல்லிவிட்டு ஜாக்கெட்டை எடுத்துப் பையில் திணித்தாள்.

கையைப் பிரித்து ஒட்டுப்போட்டுத் தருகிறேன் என்று நாகஜோதி படி வரைக்கும் பின்னாலேயே போனாள். பாசியைப் பிரித்தால் பட்டு கிழியும், இருக்கிற நாளில் முடியாது என்று அவளுக்கே தெரியும். அந்தப் பெண் கடையில் வாங்கிய வெறும் ஜாக்கெட்டோடு மணமேடை ஏறினாள் என்று பிறகு கேள்விப்பட்டபோது நாகஜோதிக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. தான் செய்யாத தப்புக்கு எதற்கு வெட்கப்பட வேண்டும் என்று கோபம் கோபமாகவும் வந்தது.

வகுப்பில் ஆள் குறைந்தது. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சல் என்றார்கள், விருந்தாளி என்றார்கள். கட்டியிருந்த சட்டங்களில் பாதி அவிழ்த்துச் சுவரில் சாய்த்தாகிவிட்டது. ராம்கி விட்டுவிடச் சொன்னான். ரெண்டு மாசத்தில் ஊர் மறந்துவிடும் என்றான்.

"ஊரு மறந்துரும். எம் பேரு திரும்பி வந்துருமா?" என்று கேட்டாள் நாகஜோதி. 

ஜூமண்டியில் புகார் சொல்ல ஒரு இடம் உண்டு. அவள் அதில் எழுதினாள். நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று பதில் வந்தது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்பினாள். உங்கள் அக்கறைக்கு நன்றி என்று வந்தது. இன்னும் கோபமாக எழுதினாள். மறுபடியும் அதே நன்றி. ஒரு வாரம் கழித்துப் புத்தகம் அங்கிருந்து காணாமல் போனது. அப்பாடா என்று இருந்தபோது வேறொரு விற்பனைக்காரன் பெயரில் முளைத்தது. அதே சுருங்கின புத்தகம். ஜூமண்டி குடோனில் கட்டி, ஜூமண்டி டேப் ஒட்டி, வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது.

அவளிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊசி பிடிக்க வருகிறவள் தமிழ்வாணி. மதுரை கோர்ட்டில் வக்கீல். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெண். அவள் அப்பா வீரணன் முன்னொரு காலத்தில் வெள்ளைத்துரை வீட்டு வயலுக்கு வேலைக்கு வந்தவர். இப்போது சொந்தமாகக் கிணறும் தென்னையுமாக இருக்கிறார். தமிழ்வாணியைப் பார்த்தால் வாம்மா என்பதா வாங்க என்பதா என்று வெள்ளைத்துரைக்குக் குழப்பம். இரண்டையும் விழுங்கிவிட்டுக் கும்பிடு மட்டும் போடுவார். அவளும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாடியேறிவிடுவாள்.

வகுப்புக்கு ஆள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவித்த கடலையை நடுவில் கொட்டிவைத்துக்கொண்டு தமிழ்வாணி விவரமாகச் சொன்னாள். அடித்தவன் வடக்கே எங்கோ இருக்கிறான். கடையை மூடிவிட்டு ஓடிவிட்டான். பிடிப்பது கஷ்டம். கம்பெனியைக் கேட்கலாம். ஆனால் நாங்கள் இடம்தான் கொடுத்தோம், விற்றவன் வேறு என்பார்கள். சட்டமும் அப்படி ஒரு வாசலை அவர்களுக்குத் திறந்துதான் வைத்திருக்கிறது.

"நம்ம ஆட்டுச்சந்தை மாதிரிதான" என்றான் ராம்கி. "திருட்டு ஆட்ட ஓட்டியாந்து வித்துட்டு ஓடிட்டான்னா சந்தைக் குத்தகைக்காரர என்ன செய்ய முடியும்?"

"அவருக்குத் தெரியாட்டி ஒண்ணும் செய்ய முடியாதுண்ணே. இந்த ஆடு எங்க வீட்டு ஆடுன்னு ஒருத்தர் வந்து சொன்ன பெறகும் சுங்கம் வாங்கிக்கிட்டு விக்க விட்டார்னா?"

"அப்பறம் அவரு வேட்டிய உருவாம விடுவாகளா?"

"அம்புட்டுத்தான் கேஸு" என்றாள் தமிழ்வாணி. "எங்க வீட்டு ஆடுன்னு நாம எப்பச் சொன்னோம், அதத்தான் காட்டணும். அக்கா புகார் எழுதினது ஆவணியில. அதுக்கப்பறம் தூக்கிட்டோம், மறுபடி போட்டவன் வேற ஆளுன்னு சொல்லிருவாங்க. பெரும்பாலும் வித்தது ஆடியிலயே வித்து முடிஞ்சிருச்சு."

கோர்ட்டில் வழக்குப் போடுமுன் சமரசம் பேசிப் பார்க்க வேண்டுமாம். அதற்கென்று கோர்ட் வளாகத்தில் ஒரு கட்டடம், உள்ளே வட்ட மேஜை. பேச வைக்கிறவர் தலை நரைத்த மூத்த வக்கீலம்மா. ஜூமண்டிக்காகச் சென்னையிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். மரியாதையான ஆள். நாகஜோதியை மேடம் மேடம் என்றார். நடந்தது வருத்தத்துக்குரியது, ஆனால் புகார் வரும்வரை அது யார் புத்தகம் என்று எங்களுக்குத் தெரிய வழியே இல்லை என்றார். அதற்கப்புறம் ஃபைலைத் திறந்து ஒரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். நாலுரோட்டு ஃப்ளெக்ஸ். கருப்பசாமி, சொந்தக்காரர்கள், காதில் போனோடு வெள்ளைத்துரை, ஜூமண்டிக்கு நன்றி. உங்கள் குடும்பமே விழா எடுத்துக் கொண்டாடியிருக்கிறது, சம்மதம் இல்லை என்று இப்போது எப்படிச் சொல்கிறீர்கள் என்று தணிவாகவே கேட்டார்.

நாகஜோதி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைத்துரை எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்குப் பேச்சு அதோடு நின்று, வேறு தேதி கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் அவர் உள்ளே வரவில்லை. மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார். கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தது. அவருக்கு அது என்றால் இரண்டாம் சோறு கேட்பார். நாகஜோதி தட்டோடு வந்து நின்றபோது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நாந்தான்த்தா உன்னக் கெடுத்தேன்" என்றார். "எவனோ திருடுனான். நான் அதுக்கு மேளம் அடிச்சேன்."

"சாப்புடுண்ணே. ஆறிப்போகுது."

"இனிமே ஒரு ஃப்ளெக்ஸு வைக்க மாட்டேன். எங் கருமாதிக்குக்கூட வைக்கக் கூடாதுன்னு சொல்லிப்புட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு கோபத்திலும் அண்ணன் மேல் மட்டும் அவளுக்குக் கோபம் வரவில்லை. தன்னை உலகம் அறிய வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே ஆள் அவர்தானே என்று நினைத்தாள்.

கூடவே வந்திருந்த தமிழ்வாணி, சென்னை வக்கீல் வைத்த படத்தைப் போனில் பிடித்துவந்து பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதோ குறைவதுபோல் இருந்தது அவளுக்கு. ஃப்ளெக்ஸுக்கு அடியில் நின்ற ஆட்கள் எங்கே? பொன்னாடை வாங்கினவர் எங்கே? அவர்கள் படத்தைக் கீழே வெட்டிவிட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"பெரியவரே, அந்த ஃப்ளெக்ஸுல அடியில ஏதாவது எழுதியிருந்துச்சா?" என்று கேட்டாள்.

ராம்கிதான் முதலில் வாயைத் திறந்தான். விலாசம் என்றான். அவன் அந்த வரியைச் சொல்லச் சொல்ல தமிழ்வாணி போனைக் கீழே வைத்தாள். திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு வெள்ளைத்துரையைப் பார்த்தாள். அவர் இன்னும் எதற்கோ திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க வீட்டு ஆடுன்னு நீங்க ஆனியிலயே சொல்லிட்டீங்க" என்றாள் அவள். "அதுவும் நாலுரோட்டுல, அவங்க மேனேஜர நிக்கவச்சு."

வீட்டுக்காரர்கள் எடுத்த போட்டோக்களில் முகங்கள்தான் தெரிந்தன. இம்மானுவேல் நிற்கிறான், பொன்னாடை தெரிகிறது, தலைக்கு மேலே எழுத்து புள்ளி புள்ளியாகக் கலங்கியிருக்கிறது. ஃப்ளெக்ஸ் வேண்டும். பேரூராட்சிக்காரர்கள் இறக்கச் சொன்ன அன்றே வெள்ளைத்துரை அதைக் கொண்டுபோய் வைக்கோல் படப்பின் மேல் மூடிவிட்டார். எங்கள் பக்கம் எல்லா ஃப்ளெக்ஸும் கடைசியில் போகிற இடம் அதுதான். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. வைக்கோல் நனைந்தால் மாடு வாய் வைக்காது என்று அவர் வீட்டம்மா சண்டைக்கு வந்தாள். கல்யாண வாடகைக்கு வைத்திருந்த புதுத் தார்ப்பாயை எடுத்துப் படப்பில் போர்த்திவிட்டு ஃப்ளெக்ஸை உருவினார் அவர். ஒரு மூலையை ஆடு மென்றிருந்தது. கருப்பசாமியின் அரிவாள் நுனி போயிருந்தது. எழுத்துப் பக்கத்தை உள்முகமாகப் போட்டிருந்ததால் வெயில் படாமல் அடிவரி பளிச்சென்று இருந்தது.

நாகஜோதி தனியாகக் குடோனுக்குப் போய் இம்மானுவேலைப் பார்த்தாள். தகரக் கூரைக்கு அடியில் பார்சல் மூட்டைகளுக்கு நடுவே வேர்க்க வேர்க்க நின்றிருந்தான்.

"அன்னைக்கே முழுப் படமும் அனுப்பிட்டேன்க்கா. நீங்க கேட்டதையும் சேத்துத்தான்" என்றான். பிறகு குரலை இறக்கிக்கொண்டான். "நானா வந்து சொன்னா வேலை போயிரும். எங்க ஆளுங்களே கூப்புட்டுக் கேட்டா, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அவ்வளவு போதும் தம்பி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த தேதியில் பால் வண்டியிலேயே ஃப்ளெக்ஸ் கோர்ட்டுக்குப் போனது. சுருட்டி, கயிறு கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு வந்த வெள்ளைத்துரையை வாசல் போலீஸ்காரர் நிறுத்தினார். என்னய்யா, உள்ள பந்தல் போடப் போறியா என்றார். தஸ்தாவேஜு என்றார் வெள்ளைத்துரை. அந்த வார்த்தையை வரும் வழியெல்லாம் தமிழ்வாணியிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருந்தார்.

அறைக்குள் விரிக்க இடம் போதவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் விரித்தார்கள். வைக்கோல் துரும்பும் கோழி எச்சமுமாக அவ்வளவு பெரிய குடும்பம் தரையில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தது. வழக்குக்கு வந்திருந்த கூட்டம் சுற்றி நின்றுகொண்டது. மூத்த வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து அடிவரியை வாய்விட்டுப் படித்தார். இப்புத்தகம் நாகஜோதி வீட்டில் மட்டுமே கிடைக்கும். எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"உங்க படத்துல இந்த வரி இல்லையே" என்று சென்னை வக்கீலைக் கேட்டார்.

தமிழ்வாணி போனிலிருந்த போட்டோவைக் காட்டினாள். அந்த வரிக்கு நேர் கீழே பொன்னாடையோடு நிற்கிறவர் உங்கள் மேனேஜர்தானா என்று கேட்டாள். நீங்கள் அன்றைக்கு மேஜையில் வைத்த படம் உங்களுக்கு எப்போது கிடைத்தது, எங்களிடமிருந்து வந்ததா என்று கேட்டாள். நாங்கள் அதை உங்களுக்கு அனுப்பவே இல்லை. அப்படியானால் ஃப்ளெக்ஸ் ஏறிய ஆனியிலேயே உங்கள் கையில் இருந்திருக்கிறது. புத்தகம் யாருடையது, எங்கே மட்டும் கிடைக்கும் என்று அதில் எழுதியும் இருக்கிறது. அதற்கப்புறம் ஆடி முழுக்க விற்றது யார்?

சென்னை வக்கீல் குனிந்து அடிவரியைத் தானும் ஒரு முறை படித்தார். வெட்டாத படத்தை அவரும் அன்றைக்குத்தான் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. போனை எடுத்துக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய் இம்மானுவேலிடம் பேசினார். பிறகு மேலிடத்தோடு பேசினார். வெகுநேரம் பேசினார். அதற்குள் வெள்ளைத்துரை எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிவந்தார். முதல் டம்ளரைத் தமிழ்வாணியிடம் நீட்டி, "நீங்க குடிங்க" என்றார். அந்த 'நீங்க' இத்தனை நாள் எங்கே இருந்ததோ தெரியவில்லை. சொல்லிவிட்ட பிறகு அவருக்கே இலேசாக இருந்தது.

திரும்பி வந்த சென்னை வக்கீல் மேஜை முன் உட்கார்ந்து நஷ்ட ஈடு பற்றிப் பேச ஆரம்பித்தார். அதைத் தமிழ்வாணியிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று நாகஜோதி மறித்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது வேறு. புத்தகம் வாங்கின ஒவ்வொருத்திக்கும் கம்பெனி பெயரில், தமிழில், செய்தி போக வேண்டும். நீங்கள் வாங்கியது நாகஜோதியின் புத்தகம் இல்லை, போலி, அதில் அளவு தப்பு, எங்கள் வழியாக விற்றது என்று. வக்கீல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எங்கள் வழியாக என்பதை மட்டும் எடுத்துவிடலாமே என்றார். அது கம்பெனி தப்பை ஒப்புக்கொள்வது போலாகிவிடும் என்றார்.

"அட்டையில எம் பேரு இருந்துச்சு. டப்பாவுல உங்க பேரு இருந்துச்சு" என்றாள் நாகஜோதி. "ரெண்டு பேரும் சேந்துதான சார் அந்தப் பிள்ளை வீட்டுக்குள்ள போனோம்? திட்டு மட்டும் எனக்கு வந்துச்சு. பாதிய நீங்க வாங்கிக்கங்க. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

வக்கீலம்மா பேனாவை மூடிக்கொண்டு சென்னைக்காரரைப் பார்த்தார். அவர் மறுபடி மரத்தடிக்குப் போனார். இந்த முறை சீக்கிரம் வந்தார். அந்த இரண்டு வார்த்தையும் இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்தானது.

செய்தி புரட்டாசியில், ஒரு மழை நாளில், எல்லார் போனுக்கும் போனது. வெள்ளைத்துரை போனுக்கும் வந்தது. அவரும் ஒரு கட்டு வாங்கியவர்தானே. பாத்திரக்கடையில் அண்டாக்களுக்கு நடுவே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். அன்றைக்கே சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய் பீரோக்களைத் திறக்கச் சொல்லி, கொடுத்த புத்தகங்களையெல்லாம் திரும்ப வாங்கிவந்தார். நாகஜோதிக்கு அன்று போன் ஓயவே இல்லை. ஏசினவர்களில் சிலர் வருத்தம் சொன்னார்கள். சிலர் ஒன்றும் நடக்காததுபோல், அசல் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் சுந்தரம்மாள் வந்தாள். இந்த முறை பஸ்ஸில் வந்தாள். மாடியேறி, கட்டின சட்டங்களைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். பையிலிருந்து அந்த அரக்கு ஜாக்கெட்டை எடுத்தாள். இந்தத் தடவை சட்டத்தின் மேல் வீசவில்லை, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"மகளுக்கு நாள் தள்ளிப் போயிருக்குத்தா. வளைகாப்புக்கு இதத்தான் போடுவேன்னு அடம் பிடிக்கிறா. கைய மட்டும் பிரிச்சு ஒட்டு வச்சுத் தர முடியுமா?"

"இப்ப நேரம் கிடக்குல்ல, பைய்யப் பிரிக்கலாம். மாசமா இருக்கற கைக்கு அளவு கூடும். அவளயும் ஒரு நாளைக்குக் கூட்டியாங்க" என்றாள் நாகஜோதி.  ஜாக்கெட்டை மடியில் வைத்து ஒவ்வொரு பாசியாகப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

கீழே வெள்ளைத்துரை தெருவில் நின்று கயிற்றால் எதையோ அளந்துகொண்டிருந்தார். கருமாதிக்குக்கூட வேண்டாம் என்ற மனுஷன் ஒரு மாசம் தாங்கவில்லை. வக்கீல் தமிழ்வாணி படத்தையும் போடலாமா, என்ன வாசகம் எழுதலாம் என்று மாடியைப் பார்த்துக் கேட்டார். தமிழ்வாணி தன் படம் வேண்டவே வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாள். நாகஜோதி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், யார் படமும் வேண்டாம், என் பேரை மட்டும் மேலே போடு என்றாள்.

"பேருக்குக் கீழ?"

"கீழ நீ எப்பவும் போடுறத போடுண்ணே."

மறுநாள் நாலுரோட்டில் ஏறிய ஃப்ளெக்ஸில் கருப்பசாமி இல்லை, சொந்தக்காரர்கள் இல்லை, காதில் போனோடு வெள்ளைத்துரையும் இல்லை. நாகஜோதி என்று ஒரு வரி. எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது என்று ஒரு வரி. பஸ்ஸுக்கு நின்றவர்கள் அண்ணாந்து படித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.